நெய்யாற்றங்கரையில் ஓர் அமைதிப் பாடம்

களியக்காவிளைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் இஞ்சிவிளை. அப்புறம் பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை. ஊர்ப்பெயரைக் கேட்டு மாநிலம் மாறிவிட்டதைக் கண்டுபிடிக்க முடியாது. இந்தப் பக்கமும் விளைதான், அந்தப் பக்கமும் விளைதான். பெயர்ப்பலகையின் எழுத்து மட்டும் மாறும். சாயாக்கடைப் பேச்சு மாறுவதற்கோ இன்னும் கொஞ்ச தூரம் போகவேண்டும்.

இவ்வளவு கலந்து கிடக்கும் மண்ணில்தான் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டது. அன்றைய திருவிதாங்கூர்-கொச்சியின் தமிழ் வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டவர்கள் மாண்டார்கள். ஆண்டது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு. அதே கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா, சிறையில் இருந்தபடியே, தம் கட்சி முதல்வரைப் பதவி விலகச் சொன்னார். மக்களைச் சுட்ட அரசு, சொந்த அரசாக இருந்தாலும், நீடிக்கக் கூடாது என்பது அவர் வாதம். முதல்வர் விலகவில்லை, கட்சி பிளந்தது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் தமிழகத்துக்கு வந்தன. நேசமணி தலைமையிலான இயக்கம் கேட்டிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது.

அந்த நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவர்தான் தமிழ்நாட்டில் அமைதியைப் பாடமாக வைத்தார் என்பதை எல்லையின் இருபுறத்தாரும் அதிகம் பேசுவதில்லை. ஜி. ராமச்சந்திரன், 1904-இல் பிறந்தவர். சாந்திநிகேதனில் தாகூரிடம் படித்துக்கொண்டிருந்த இளைஞர், 1924-இல் தில்லியில், இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காக 21 நாள் உண்ணாநோன்பு இருந்து தேறிக்கொண்டிருந்த காந்தியைச் சந்தித்தார். காலில் விழுந்து ஆசி கேட்டுத் திரும்பவில்லை. கலை உங்களுக்கு வேண்டாமா, எல்லா எந்திரங்களையும் வெறுக்கிறீர்களா என்று துருவித் துருவிக் கேட்டார். அந்த உரையாடல் அவ்வாண்டே ‘யங் இந்தியா’வில் அச்சேறியது. பிற்காலத்தில் அவர் தொடங்கிய நிறுவனத்துக்கு வித்து அங்கே விழுந்தது என்று நான் நினைக்கிறேன். கேள்வி கேட்கத் தெரியாதவனுக்கு அமைதிக்கல்வி என்ன செய்யும்?

அவர் மணந்துகொண்டது தொழிலதிபர் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள், மருத்துவர் சௌந்தரத்தை. இளமையிலேயே கணவரை இழந்த பெண், மலையாளி மாப்பிள்ளை, வேறு சாதி. 1940-இல் சேவாகிராமத்தில் காந்தியே மணம் முடித்துவைத்தார். இருவரும் 1947-இல் சின்னாளபட்டிக்கு அருகே, சிறுமலை அடிவாரத்தில், காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். முதலில் சிறிய மருத்துவ நிலையம், பிறகு பள்ளி, கதர், கைத்தொழில். 1956-இல் கிராமியக் கல்வி நிறுவனம். சொந்த ஊருக்குப் பக்கத்தில் மொழியின் பேரால் எல்லைக்கோடு இழுக்கப்பட்ட அதே ஆண்டில் ஒரு மலையாளி தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கல்லூரி கட்டிக்கொண்டிருந்தார். 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அவர் துணைவேந்தராகவும் இருந்தார்.

அங்கே இன்று ஒரு துறையின் பெயர் ‘காந்தியச் சிந்தனை மற்றும் அமைதி அறிவியல்’. அமைதியை அறிவியல் என்று அழைப்பது காதுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் உலகமெங்கும் இத்துறை வளர்ந்த வழி அதுதான். 1959-இல் ஆஸ்லோவில் அமைதி ஆய்வு நிறுவனத்தை நிறுவிய யோஹான் கால்டுங், துப்பாக்கி ஓய்ந்திருப்பது மட்டும் அமைதி ஆகாது என்றார். யாரும் யாரையும் அடிக்காமலேயே ஓர் ஏற்பாடு சிலரைப் பட்டினி போடலாம். அதுவும் வன்முறையே என்று 1969-இல் எழுதினார். அதைக் கட்டமைப்பு வன்முறை என்கிறார்கள். காந்தியின் அரசியல் அறத்தைப் பற்றித் தத்துவ அறிஞர் அர்னே நெஸ்ஸுடன் சேர்ந்து நூல் எழுதியவர் அவர். நம் சரக்கு நார்வே போய், பெயர் சூட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

காந்திகிராமம் தன் பங்காகச் சேர்த்தது வகுப்பறைக்கு வெளியே இருந்தவற்றை. சர்வசமயப் பிரார்த்தனை, ராட்டை, கிராமத்தில் தங்கிச் செய்யும் பணி, கலவரத்தைத் தணிக்கும் சாந்தி சேனை என்ற மாணவர் படை. 1957 ஏப்ரலில் கன்னியாகுமரிக் கடற்கரையில் கிராம சுயராஜ்யத்துக்கு உறுதி ஏற்றபின் நடந்தே கேரளத்துக்குள் நுழைந்த பூதான இயக்கத்தின் வினோபாதான், சில மாதங்களில் காந்தியர் கேளப்பன் தலைமையில் அங்கே சாந்தி சேனையைத் தொடங்கிவைத்தார். கலவரத்துக்கு நடுவே ஆயுதமின்றி நிற்பதற்கு நெஞ்சுரம் மட்டும் போதாது, நிதானமும் வேண்டும். உள் அமைதி என்பது அங்கே ஓய்வுநேரப் பயிற்சி அல்ல. அந்த வேலைக்குத் தேவையான கருவி.

உள் அமைதியை இப்படிப் பொதுவேலைக்குக் கருவியாக்குவது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. ஸ்ரீ நாராயண குரு தவமிருந்த மருத்துவாழ்மலை குமரி மாவட்டத்தில் இருக்கிறது. அவருக்கும் சட்டம்பி சுவாமிக்கும் யோகம் கற்பித்த தைக்காடு அய்யாவு சுவாமி தமிழர். அந்த மலைக் குகையில் கிடைத்த அடக்கத்தை குரு குகையிலேயே வைத்துக்கொள்ளவில்லை. 1888-இல் அருவிப்புரத்தில் நெய்யாற்றுக்குள் இறங்கி, ஒரு கல்லை எடுத்துவந்து சிவனாக நிறுவினார். கோயில் வாசலுக்கே வரக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட ஈழவர் குலத்தில் பிறந்தவர் அவர். சாதிப் பிரிவும் மதப்பகையும் இன்றி எல்லாரும் உடன்பிறந்தவராக வாழும் இடம் இது என்ற கருத்தை அங்கே எழுதியும் வைத்தார்.

அதே ஆற்றின் மேல்பகுதியில், நெய்யாறு அணைக்கரையில், சுவாமி விஷ்ணுதேவானந்தரின் சிவானந்த ஆசிரமம். வெள்ளைக்காரர்கள் மூச்சைக் கவனிக்க வரும் இடம் என்று ஊரில் சிரிப்பார்கள். அந்தச் சுவாமி அமைதி வேண்டி 1971-இல் சிறு விமானத்தில் கலவர பூமியான பெல்ஃபாஸ்ட்டுக்குப் பறந்தவர்; 1983-இல் பெர்லின் சுவரையே வானில் கடந்தவர். விளம்பரம் என்பார்கள். இருக்கட்டுமே, எல்லையை மீறத் துணிந்த யோகி எத்தனை பேர்?

பெர்லின் சுவர் 1989-இல் விழுந்துவிட்டது. நெய்யாற்றின் விவகாரம் இன்னும் தீரவில்லை. அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு வட்டத்தில் சுமார் 9,200 ஏக்கருக்குப் பாய வேண்டும். 2004-இல் கேரளம் நீரை நிறுத்தியது. நெய்யாறு மாநிலங்களுக்கு இடையிலான ஆறே அல்ல என்பது அதன் வாதம். 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. எல்லையில் கல்யாணமும் கருப்பட்டி வியாபாரமும் வழக்கம்போல் நடக்கின்றன. கால்டுங்கின் இலக்கணத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டை ஆஸ்லோவில் தேட வேண்டியதில்லை.

ராமச்சந்திரன் தம் இறுதிக்காலத்தை நெய்யாற்றின்கரை வீட்டில், தாயின் பெயர் தாங்கிய மாதவி மந்திரத்தில் கழித்து, 1995-இல் மறைந்தார்; கால்வாய் வறண்டதைப் பார்க்கவில்லை. காந்திகிராமத்து மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படிப்பது பாடத்திட்டத்திலேயே உண்டு. ஒரு தொகுதியைத் திண்டுக்கல் பக்கத்து ஊர்களுக்குப் பதில் இங்கே அனுப்பலாம். பாதிப் பேர் பாறசாலையில் தங்கட்டும், பாதிப் பேர் விளவங்கோட்டில் கால்வாயின் வால்பகுதியில். இரு பிரிவினரும் தாம் தங்கும் ஊர் விவசாயியிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக் குறித்துவரட்டும். மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட மாட்டார்.