அடுத்த கட்டில்

1918-ஆம் வருஷத்து இன்புளூயன்சா ஜுரம் கோடிக்கணக்கான பேரை வாரிக்கொண்டு போயிற்று. அவர்களில் மிகப் பலர் மாண்டது ஜுரத்தைத் தொடர்ந்து வந்த நிமோனியாவினால். ஜுரம் மூச்சுக்குழாயின் உட்சவ்வைப் பாழாக்கிவிடும். பிறகு வேறு கிருமிகள் தங்குதடையின்றி நுரையீரலுக்குள் இறங்கும்.

அந்தக் கிருமிகள் எங்கிருந்து வந்தன? சில, நோயாளியின் தொண்டையிலேயே குடியிருந்தவை. சில, அடுத்த கட்டிலிலிருந்து வந்தவை! அமெரிக்காவில், ஆர்க்கன்ஸாஸ் மாகாணத்துப் பைக் ராணுவ முகாமில், ஈயூஜீன் ஓப்பி என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் இதைக் கண்டார்கள். யுத்த காலம். சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் படுத்துவிட்டார்கள். வார்டுகளில் நெருக்கியடித்துக் கட்டில்கள். டாக்டர்கள் தொண்டை தொண்டையாகச் சோதித்துப் பார்த்தார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்குத் தாவிக்கொண்டிருந்தது. வெறும் ஜுரத்தோடு வந்த பையன், பிழைத்து ஊருக்குப் போக வேண்டியவன், ஆஸ்பத்திரியிலேயே எமனைச் சம்பாதித்துக்கொண்டான்.

பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928-இல். இன்புளூயன்சா வைரஸை மனிதரிடமிருந்து பிரித்தெடுத்ததோ 1933-இல். அன்றைய முகாம் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் டாக்டர்கள் கட்டிலுக்குக் கட்டில் நடுவே துப்பட்டியைத் தொங்கவிட்டார்கள். ஒருவன் தலைக்கு நேரே அடுத்தவன் கால் வரும்படி படுக்க வைத்தார்கள். கலியாண வீட்டுக் கூடத்தில் இடம் போதாமல் நாம் படுப்போமே, அப்படி.

சோதித்துத் தெரிந்துகொள்ளும் வரையில் ஒவ்வொரு நோயாளியையும் பக்கத்திலிருப்பவனுக்கு ஆபத்தானவன் என்றே கருத வேண்டும் என்று ஓப்பியின் குழு எழுதிற்று. சரிதான். ஆனால் வாசல்வரை நோயாளிகள் கிடக்கும்போது ஆளுக்கோர் அறைக்கு எங்கே போவது? துப்பட்டிதான்.