எச்சரிக்கைக்கு ஓர் இலக்கணம்

கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டை நோக்கிச் செல்லும் வழியில் இருக்கிறது மஹய்யாவ. மேடும் சரிவுமான நிலத்தில் வீடுகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கும் பகுதி. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த படிகளில் குடியிருக்கிறார்கள். கண்டி மாநகரைத் தினமும் துப்புரவு செய்யும் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கே வாழ்ந்து வருகின்றன. மழை விடாமல் பெய்யும் இரவில் இங்குள்ளோர் கேட்கும் கேள்வி ஒன்றே: போவதா, இருப்பதா?

2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் வந்தபோது அந்தக் கேள்வி மலையகம் எங்கும் எழுந்தது. நாடு முழுவதும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கண்டி மாவட்டம் மண்சரிவுகளால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. அறிவித்தல்கள் தமிழில் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற குறை அந்நாட்களில் பலராலும் எழுப்பப்பட்டது. பத்திரிகைத் தொழிலில் ஆயுளைக் கழித்த எனக்கு அந்தக் குறை பழைய நினைவுகளைக் கிளறியது. ஒரு செய்தி தவறாமல் கைமாறுவதற்கு என்ன வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். அதன் வரலாற்றில் எக்ஸ்.எம்.எல். என்ற கணினி மொழிக்கு முக்கிய இடம் உண்டு.

நான் பணியாற்றிய செய்தி அறையில் தொலையச்சு இயந்திரம் இரவு பகலாகத் தட்டிக்கொண்டிருக்கும். வருவது ஆங்கிலம், அதைத் தமிழாக்கிப் பக்கத்தில் ஏற்றுவது எங்கள் வேலை. ஒருமுறை ஓர் அனர்த்தச் செய்தியின் முதற்பிரதி மாலையில் வந்தது. பலியானோர் தொகையைத் திருத்திய பிரதி நள்ளிரவில் வந்தது. பின்னது முன்னதன் திருத்தம் என்பதை மேசையில் இருந்த எவரும் கவனிக்கவில்லை. இரண்டையும் தனித்தனிச் சம்பவங்களாக அச்சிட்டுவிட்டோம். அன்று பிழை செய்தவர்களில் நானும் ஒருவன். தாளில் சொற்கள் எல்லாம் இருந்தன. எந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்ற குறிப்பு மட்டும் கண்ணில் படும்படி இல்லை.

இந்தச் சிக்கலுக்கு வேறொரு துறையில் விடை தேடப்பட்டது. 1969 இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்ள்ஸ் கோல்ட்ஃபார்ப் என்பவரும் அவருடைய இரு சகாக்களும் ஜி.எம்.எல். என்ற குறிமொழியை உருவாக்கினர். ஆவணத்தின் ஒரு பகுதி எப்படித் தோன்ற வேண்டும் என்பதை எழுதுவதை விட்டு, அப்பகுதி என்ன என்பதை எழுது என்பதே அதன் சாரம். அதிலிருந்து வளர்ந்த எஸ்.ஜி.எம்.எல். 1986 இல் சர்வதேச நியமமாயிற்று. ஆற்றல் மிகுந்தது; ஆனால் கையாளக் கடினமானது. அதைச் சுருக்கி இணையத்துக்கு ஏற்றதாக்கிய வடிவமே, 1998 பெப்ரவரி 10 ஆம் திகதி உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிட்ட எக்ஸ்.எம்.எல்.

அதன் அடிப்படை, பாடசாலைப் பிள்ளைக்கும் விளங்கும். ஒரு மண்சரிவு அறிவித்தலை இப்படி எழுதலாம்:

<அறிவித்தல்>
<நிகழ்வு>மண்சரிவு</நிகழ்வு>
<இடம்>மஹய்யாவ</இடம்>
<மழை அலகு="மில்லிமீற்றர்">150</மழை>
</அறிவித்தல்>

திறந்த அடையாளம் ஒவ்வொன்றும் மூடப்பட வேண்டும். உள்ளே திறந்தது உள்ளேயே மூடப்பட வேண்டும். அனைத்தையும் சூழ்ந்து ஒரேயொரு வேர் இருக்க வேண்டும். இவ்விதிகளில் ஒன்று பிழைத்தாலும், வாசிக்கும் நிரல் ஊகித்துக்கொண்டு மேலே செல்லக் கூடாது. பிழையை அறிவித்து நிறுத்திவிட வேண்டும். ஊகம் எவ்வளவு ஆபத்தானது என்பது செய்தி மேசையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அடையாளங்களின் பெயர்களை எழுதுவோரே தெரிந்துகொள்ளலாம் என்பது இதன் சுதந்திரம். அனுப்புவோரும் பெறுவோரும் அப்பெயர்களை முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அதற்கான விலை. மேலே நான் தமிழிலேயே பெயரிட்டது விளையாட்டுக்காக அன்று. எக்ஸ்.எம்.எல். யுனிகோட்டின் மீது கட்டப்பட்டது. ஆகவே தமிழ் எழுத்துகளில் அமைந்த அடையாளமும் முதல் நாளிலிருந்தே செல்லுபடியானது. நம் பத்திரிகைகளோ அக்காலத்தில் ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தன. திரையில் தெரிந்தது தமிழ். கணினியின் வயிற்றில் கிடந்தவை ஆங்கில எழுத்துகள். அவ்வெழுத்துரு இல்லாத இயந்திரத்துக்குப் போனால் செய்தி குப்பையாகிவிடும். யுனிகோட்டைத் தழுவிய தமிழ் எழுத்துக் குறிமுறை இலங்கை நியமமாக வந்தது 2008 இல் தான்.

இனி எச்சரிக்கைக்கு வருவோம். பலவித கருவிகளுக்கும் ஒரே எச்சரிக்கையைக் கொடுக்கத்தக்க பொது வடிவம் வேண்டும் என்ற கருத்து 2000 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வலுப்பெற்றது. ஆர்ட் பொட்டரெல் முன்னின்று உழைத்ததன் பயனாக, எக்ஸ்.எம்.எல். இல் அமைந்த ‘பொது எச்சரிக்கை நெறிமுறை’ 2004 ஏப்ரலில் ‘ஒயாசிஸ்’ அமைப்பின் நியமமாயிற்று. சுருக்கமாக அதைக் ‘கெப்’ என்பர்.

அதே ஆண்டு டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் நடுங்கியது. அலை நம் கிழக்குக் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணிநேரம் சென்றது. இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். செய்தியின் வடிவம் உலகில் எங்கோ தயாராக இருந்தது. அனுப்புபவரிலிருந்து கரையோரக் குடிசைவரை நீளும் சங்கிலி இங்கே இருக்கவில்லை.

அதன் பின்னரே 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. ‘லேர்ன் ஏசியா’ ஆய்வு நிறுவனமும் சர்வோதயமும் சேர்ந்து கரையோரக் கிராமங்கள் 32 இல், கெப் வடிவில் எச்சரிக்கை அனுப்பும் பரிசோதனையை நடத்தின. கைபேசி, தொலைபேசி, ‘வேர்ல்ட்ஸ்பேஸ்’ செய்மதி வானொலி எனப் பல கருவிகள் பயன்பட்டன. அந்த வானொலி நிறுவனம் 2008 இல் வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியது. ஆனால் கெப் நியமம் இன்றும் உயிரோடிருக்கிறது. சுமக்கும் கருவி மாறலாம், செய்தியின் வடிவம் நிலைக்கட்டும் என்று அவற்றைப் பிரித்து வைத்ததன் நன்மை இதுவே.

கெப் செய்தியைப் பிரித்துப் பார்த்தால் என் பழைய பிழைக்கும் அதில் மருந்து இருப்பதைக் கண்டேன். ஒவ்வொரு செய்திக்கும் தனி அடையாள எண் உண்டு. இது உண்மையானதா ஒத்திகையா, புதியதா திருத்தமா இரத்தா என்பதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். திருத்தமாயின் எந்தச் செய்தியின் திருத்தம் என்பதையும் சுட்டலாம். அவசரம், கடுமை, உறுதி ஆகிய மூன்றும் வெவ்வேறு கட்டங்கள். மலையகத்தில் 24 மணிநேர மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், 100 ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150 ஐத் தாண்டினால் சிவப்பு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்திருக்கும் படிநிலைகளை இக்கட்டங்களில் தெளிவாக அடக்கிவிடலாம்.

எல்லாவற்றிலும் என் மனத்தைத் தொட்டது மொழிக் கட்டம். ஒரே எச்சரிக்கைக்குள் தகவற் பகுதியைப் பலமுறை எழுதலாம்: சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. மூன்றும் ஒரே எண்ணின் கீழ், ஒரே கணத்தில் புறப்படும். ‘தமிழ்ப் பிரதி பிறகு வரும்’ என்ற பேச்சுக்கு வடிவத்தில் இடமில்லை. ஆனால் மொழிக் கட்டத்தை ஒருவர் நிரப்பாமல் விட்டால் அது அமெரிக்க ஆங்கிலம் என்று கொள்ளப்படும் என்கிறது நியமம். வெற்றிடம் நடுநிலையானது அன்று. அது யாரோ ஒருவரின் மொழியால் நிரம்பிவிடுகிறது.

இலக்கணம் இருப்பதால் மட்டும் பேச்சு பிறந்துவிடாது. 2014 அக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. போவதற்கு மாற்றுக் காணி இல்லாதவருக்கு எந்த அடையாளக் குறியும் கூரையாகாது. அது அரசியலின் கடமை.

ஆயினும் மற்றப் பாதி, அதாவது உரிய வேளையில் உரிய மொழியில் சொல்வது, இன்று செலவு மிக்க காரியமன்று. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இரவுப் பணியில் அமர்த்துவதும், வார்ப்புருக்களை மூன்று மொழியிலும் முன்கூட்டியே எழுதி வைப்பதும் போதும். தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் 1987 ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டோம். அடுத்த மழைக்கு முன்பாவது அந்தக் கட்டத்தை நிரப்பிவிட வேண்டும்.