சொரியாசிஸில் சைட்டோகைன்களின் பங்கு

சைட்டோகைன்கள் நோய் எதிர்ப்பு உயிரணுக்களுக்கும் தோலுக்கும் இடையே செய்தி கொண்டுசெல்லும் சிறு புரதங்கள். இச்செய்திகள் ஓயாமல் தொடர்வதே சொரியாசிஸின் அடிப்படை. சித்த மருத்துவத்தில் இது காளாஞ்சகப்படை எனப்படும். தொட்டால் ஒட்டாத நோய் இது. இந்தியாவில் பெரியவர்களுள் 0.44 முதல் 2.8 விழுக்காட்டினரிடம் இது காணப்படுவதாகப் பல்வேறு ஆய்வுகள் மதிப்பிடுகின்றன.

வகைகள்

முழங்கை, முழங்கால், தலை ஆகிய இடங்களில் வெள்ளிச் செதில் படியும் தட்டு வகையே மிகுதி. இதில் டென்ட்ரைட்டிக் செல்கள் எனும் நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் இன்டர்லூக்கின்-23 என்ற சைட்டோகைனைச் சுரக்கின்றன. அதனால் தூண்டப்படும் டி செல்கள் என்ற வேறு நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் இன்டர்லூக்கின்-17ஐ வெளியிடுகின்றன. இதன் விளைவாக, ஏறத்தாழ ஒரு மாதத்தில் முதிர்ந்து உதிர வேண்டிய தோல் செல்கள் சில நாள்களிலேயே மேலெழுந்து செதிலாகக் குவிகின்றன. டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற மற்றொரு சைட்டோகைன் இந்த அழற்சியைப் பெருக்குகிறது. துளி வகை, பெரும்பாலும் இளையோரிடம், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைத் தொற்றுக்குப் பின் தோன்றுகிறது. உடல் முழுதும் சீழ்க்கொப்புளம் எழும் வகையில் இன்டர்லூக்கின்-36 முதன்மையானது. அதைக் கட்டுப்படுத்தும் மரபணுவின் பழுது 2011இல் துனீசியக் குடும்பங்களில் கண்டறியப்பட்டது. சொரியாசிஸின் முதல் தூண்டல் டி செல்லிலா, தோல் செல்லிலா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

வரலாறு

1841இல் வியன்னாவின் தோல் மருத்துவர் ஹெப்ரா இந்நோயைத் தொழுநோயிலிருந்து பிரித்துக் காட்டினார். 1979இல் நோய் எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து செதில்களைத் தணித்ததைக் கண்ட பிறகே நோய் எதிர்ப்பு மண்டலத்தின் மீது ஆய்வாளரின் பார்வை அழுத்தமாகத் திரும்பியது.

தமிழகத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பன் குழுவினர், தென்னிந்திய நோயாளிகளிடம் ஹெச்எல்ஏ எனும் நோய் எதிர்ப்பு மரபணுக்களின் பிடபிள்யூ57, டிஆர்7 வகைகளுக்கும் சொரியாசிஸுக்கும் உள்ள தொடர்பை 1989இல் வெளியிட்டனர்.

மரபணுத் தொடர்பு பற்றிய விரிவான பதிவுகள் 2015 முதல் 2017 வரை புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் ஆய்வுக் குழுவிடமிருந்து வந்தவை. தென்னிந்தியத் தமிழர்களிடம் இன்டர்லூக்கின்-12பி, இன்டர்லூக்கின்-23 ஏற்பி ஆகியவற்றின் மரபணு வேறுபாடுகளை அக்குழு ஆராய்ந்தது. அழற்சிச் செய்திக்குக் கடிவாளமிடும் டிஎன்எஃப்ஏஐபி3, டிஎன்ஐபி1 மரபணுக்களின் சில வடிவங்கள் நோய்வாய்ப்பைக் கூட்டுவதாகவும் அறிவித்தது. மலிவான மெத்தோட்ரெக்சேட் மாத்திரை யாருக்குப் பலனளிக்கும் என்பதை முன்கூட்டியே அறியும் மரபணு அடையாளங்களையும் தேடியது. ஏழை நோயாளிக்கு மிகவும் வேண்டிய கேள்வி அது.  

வெட்பாலைத் தைலம்

கொங்குப் பகுதியின் வறண்ட காடுகளிலும் வளரும் வெட்பாலையின் இலைகளைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் இட்டு வெயிலில் வைப்பர். இலை வாட வாட எண்ணெய் செந்நீலமாகி, பின் அடர்ந்த ஊதாவாகிறது. சொரியாசிஸ் படைகளில் பூசும் இத்தைலம் செதிலை மென்மையாக்குவதாகப் பயன்படுத்துவோர் கூறுகின்றனர். சைட்டோகைன்களையும் அது தணிக்கிறது என்ற கருத்து முடிவாக நிறுவப்படவில்லை.

அண்மைக்காலம்

டி செல்லின் சிடி6 மூலக்கூற்றைத் தடுக்கும் இட்டோலிசுமாப் மருந்தைக் கியூப ஆய்வு மையத்துடன் இணைந்து உருவாக்கிய பெங்களூரு பயோகான், 2013இல் இந்திய ஒப்புதல் பெற்றது. இன்டர்லூக்கின்-17 தடுப்பு மருந்து 2015இலும், இன்டர்லூக்கின்-36 ஏற்பியைத் தடுக்கும் ஸ்பெசோலிமாப் 2022இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. டிஎன்எஃப் தடுப்பு மருந்துகள் உறங்கும் காசநோயை எழுப்பக்கூடும் என்பதால், அவற்றைத் தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம்.