ஒரு துணிப்பையும் நெடுவழியும்

அமெரிக்க நாட்டின் அப்பலாச்சியன் மலைப்பாதை 1937இல் முழுமை பெற்றது. 1948இல் எர்ல் ஷாஃபர் என்னும் போர்வீரர் அதனை ஒரே பயணத்தில் நடந்து முடித்தார். 1955 மே மாதம் ஜார்ஜியாவில் அப்பாதையில் தனியே அடியெடுத்து வைத்தவர் 67 வயது எம்மா கேட்வுட். அவர் பதினொரு மக்களைப் பெற்ற உழவர் குடிப் பெண். முப்பது ஆண்டுகள் கணவரின் அடிகளைத் தாங்கி, மணவிலக்குப் பெற்றவர். முந்தைய ஆண்டு வழிதவறி, மூக்குக்கண்ணாடியும் உடைந்து, பாதியில் திரும்பியவர்.

அவரிடம் கூடாரம் இல்லை. தாமே தைத்த துணிப்பையில் ஒரு போர்வையும், மழைக்குக் குளியலறைத் திரைச்சீலையும் இருந்தன. காலில் கான்வாஸ் காலணிகள். உலர்திராட்சை, நிலக்கடலை, டப்பா இறைச்சி ஆகியவற்றோடு வழியிற் பறித்த பழமும் கீரையுமே உணவு. இரவில் சருகே படுக்கை. குளிர் மிகுந்தால் நெருப்பிற் சுட்ட கற்களே கணப்பு.

146 நாள்களில் ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர் கடந்து, செப்டம்பர் 25 அன்று மேய்ன் மாநிலத்துக் கட்டாடின் சிகரத்தை அடைந்தார். முழுப்பாதையையும் ஒரே பருவத்தில் தனித்து நடந்த முதற்பெண் அவரே.

தைத்தல், தீ மூட்டல், கீரை ஆய்தல் ஆகிய யாவும் அவர் இல்லத்தில் பிறர்க்கெனச் செய்த பணிகளே. அவற்றை மலையில் தமக்கெனச் செய்தார். அப்பெண்ணின் விடுதலை வரலாறு அவ்வளவே.