மயிலைத் தெப்பக்குளமும் இசுலாமியர் தொடர்பும்

தாம்பரம் முதலிய தென்புறநகர்களினின்றும் மக்கள் சென்று காணும் விழாக்களுள் மயிலைக் கபாலீச்சரத்துத் தைப்பூசத் தெப்பவிழா ஒன்று. 7ஆம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் பூம்பாவைத் திருப்பதிகத்துள் மயிலைத் தைப்பூசத்தைக் குறித்தலின், அந்நாள் விழாவின் தொன்மை தெளிவு. தெப்பம் மிதக்கும் குளமோ அத்துணைப் பழைமையுடையதன்று. கடற்கரையிலிருந்த பழங்கோயில் போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்தபின், கோயில் இன்றுள்ள இடத்தில் எழுந்தது. குளத்திற்குரிய நிலம் ஆர்க்காட்டு நவாபு அளித்தது என்பதும், முகரம் நாளில் இசுலாமியர் அக்குளத்தைப் பயன்கொள்ளும் உரிமை உடையர் என்பதும் மயிலையில் வழிவழி வழங்கும் செய்திகள்.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. பிற சமயத்தார் வழிபாட்டிற் கலத்தலை இசுலாமியச் சட்ட அறிஞர் பலர் விலக்குவர். மயிலை வழக்கோ நவாபின் வழிபாட்டைப் பேசவில்லை. அவர் தந்த இடத்தையே பேசுகின்றது. வழிபடுதல் வேறு, அயலார் விழா நடைபெற இடந்தருதல் வேறு. இவ்வேறுபாட்டை உணராது, இதனைச் சமயக் கலப்பெனப் போற்றுவாரும் பழிப்பாரும் ஒருங்கே பிழைபட்டனர் என்பது எம் கருத்து. (போற்றுவார் தொகையே மிகுதி.)

இதன் மறுதலையும் மயிலையிலேயே உண்டு. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்பின் சிந்துவினின்றும் வந்த இந்துக்களின் சூஃபிதார் அறநிலையம், 1795இல் எழுந்த திருவல்லிக்கேணி வாலாசா பள்ளிவாசலில் ரமலான் நோன்பு துறப்பார்க்குப் பல்லாண்டுகளாக உணவளித்து வருகின்றது. மயிலையிற் சமைத்த மரக்கறி உணவு மாலையில் வண்டியேறிச் செல்லும். பரிமாறும் தொண்டர் தொப்பியணிந்து நிற்பர்.