காந்தமும் கார்பரேட்டரும்

பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டிய வண்டிகள் இன்றும் என் பட்டறைக்கு வருகின்றன. மைலேஜ் ஆசை பழையது. வின்னிபெக்கைச் சேர்ந்த சார்லஸ் நெல்சன் போக், பெட்ரோலை ஆவியாக்கி எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்பரேட்டருக்கு 1936இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். காலனுக்கு 200 மைல் என்று பேச்சு கிளம்பியது; சுயேச்சையான சோதனை எதுவும் அதை உறுதிசெய்யவில்லை.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் இத்தகைய கருவிகளுக்கு ஏகக் கிராக்கி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்தது. பலவற்றை மிச்சிகனில் உள்ள ஆன் ஆர்பர் ஆய்வகத்தில் ஓட்டியே பார்த்தார்கள். காரின் சக்கரங்கள் உருளைமேல் சுழலும். டிரைவர் வரைபடம் காட்டும் வேகத்தை இம்மி பிசகாமல் பிடிக்க வேண்டும். கருவி இல்லாமலும் ஓட்டம், மாட்டியும் ஓட்டம். புகையிலுள்ள கார்பனை அளந்து, எரிந்த பெட்ரோலைக் கணக்கிடுவார்கள். டேங்கை நிரப்பிப் பார்க்கும் நம்மூர்க் கணக்கெல்லாம் அங்கே செல்லாது! மிகச் சில கருவிகளே சொற்ப மிச்சம் காட்டின. வேறு சில, நச்சுப்புகையைத்தான் கூட்டின.