இல்லத்திற் பதிகருவி வந்த வரலாறு

நிலையில்லாத ஒன்றை நீர்மேல் எழுத்து என்று கூறுதல் தமிழ் மரபு. தொலைக்காட்சி தோன்றிய காலத்தில் அதன் நிகழ்ச்சிகளிற் பெரும்பாலானவை அத்தகைய எழுத்தாகவே இருந்தன. குறித்த நேரத்திற் கருவியின் முன் இருந்தவர் கண்டார், இராதவர் இழந்தார். நேற்றைய நிகழ்ச்சியை இன்று காட்டுங்கள் என்று கேட்டால், நிலையத்தாரிடமே பெரும்பாலும் அது இருப்பதில்லை. இந்நிலையை மாற்றி, வானில் வரும் காட்சியை வீட்டிலுள்ளோரே பிடித்து வைத்து வேண்டியபோது காணும் ஆற்றலை அளித்தது வீட்டுப் பதிகருவி. நாடாவில் தொடங்கி டிவிடி வட்டில் முதிர்ந்த அதன் வரலாறு மிக நீண்டதன்று. ஆயினும், பதிவுசெய்தல் வேறு, பேணுதல் வேறு என்னும் உண்மையை அது தெளிவாக உணர்த்துகின்றது.

ஒலியை நாடாவிற் பதியும் கலை இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே ஜேர்மனியில் வளர்ந்துவிட்டது. காட்சியைப் பதிதல் அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. ஒலிக்கு வேண்டியதைப் பார்க்கிலும் பன்மடங்கு மிகுந்த அதிர்வெண்கள் காட்சிக்கு வேண்டும். அதற்கேற்ப நாடாவை விரைந்து ஓட்டினால், சிறிது நேர நிகழ்ச்சிக்கே பல மைல் நீளமான நாடா தேவைப்படும். இவ்விடரைத் தீர்த்தவர்கள் கலிபோர்ணியாவிலிருந்த அம்பெக்ஸ் நிறுவனத்தார். சாள்ஸ் கின்ஸ்பேர்க் என்பவரின் தலைமையில் ஒரு சிறு குழு உழைத்தது. பிற்காலத்தில் ஒலித்துறையிற் பெரும்புகழ் பெற்ற ரே டொல்பியும் அக்குழுவில் இளைஞராக இருந்தார். நாடாவை மெதுவாக ஓடவிட்டு, பதியும் முனைகளைச் சுழலச் செய்வதே அவர்கள் கண்ட வழி. 2 அங்குல அகலமான நாடாவின் குறுக்கே, நான்கு முனைகளைத் தாங்கிய சில்லு நிமிடத்துக்கு 14,400 முறை சுழன்றது. 1956ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திற் சிக்காகோ நகரில் அக்கருவி காட்டப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், நியூயோர்க்கில் வாசிக்கப்பட்ட மாலைச் செய்தி மேற்குக் கரையில் நாடாவிற் பதியப்பட்டு, அக்கரை மக்களுக்காக மூன்று மணி நேரத்தின் பின்னர் ஒளிபரப்பாயிற்று. காலத்தை நிறுத்திவைத்துப் பின்னர் விடுவிக்கும் வித்தை அன்று தொடங்கியது எனலாம்.

நாடாவுக்கு ஒரு குணம் உண்டு. எழுதியதை அழித்து அதன்மேல் மீண்டும் எழுதலாம். அக்காலத்தில் நாடாவின் விலை மிக உயர்ந்திருந்தமையால், நிலையங்கள் அவ்வாறே செய்தன. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1960களிலும் 1970களிலும் எண்ணற்ற நாடாக்களை அழித்தது. 1963இல் ஆரம்பமான ‘டொக்ரர் ஹூ’ என்னும் தொடர்நாடகத்தின் பல அத்தியாயங்கள் அவ்வாறே மறைந்தன. எனினும், மறைந்தவற்றின் ஒலி முழுவதும் இன்று கிடைக்கின்றது. நாடகத்தை விரும்பிய சில இளைஞர்கள் தத்தம் வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே ஒலிப்பதிகருவியை வைத்து அதனைப் பதிந்திருந்தமையே அதற்குக் காரணம். பெரும் நிறுவனம் கைவிட்டதைச் சிறு வீடு காத்தது.

மனிதன் சந்திரனிற் கால்வைத்த காட்சிக்கும் இத்தகைய கதி நேர்ந்தது. 1969ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அங்கிருந்து வந்த காட்சி, பொதுத் தொலைக்காட்சிக்கு ஏற்ப மாற்றப்படுவதன் முன்னர் கூடிய தெளிவுடன் தனி நாடாக்களிற் பதியப்பட்டது. அந்நாடாக்கள் பிற்காலத்தில் அழிக்கப்பட்டு வேறு தேவைக்குப் பயன்பட்டிருக்கவேண்டும் என்று அமெரிக்க விண்வெளி நிறுவனம் 2009இல் அறிவித்தது. ஒளிபரப்பு நிலையங்களிலும் பிற இடங்களிலும் எஞ்சிய பிரதிகளைக் கொண்டே அக்காட்சி செப்பஞ்செய்யப்பட்டது. ஒரு பிரதி போதும் என்று எண்ணுவோர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி இது.

பதிகருவி நிலையத்தை விட்டு இல்லத்துக்கு வந்தமை யப்பானியரின் முயற்சியால் ஆயது. சொனி நிறுவனம் 1975இல் பீற்றாமக்ஸ் என்னும் கருவியை வெளியிட்டது. அடுத்த ஆண்டில் ஜே.வீ.சீ. நிறுவனம் வீ.எச்.எஸ். முறையைக் கொணர்ந்தது. முன்னதன் நாடா தொடக்கத்தில் ஒரு மணி நேரம் மாத்திரம் ஓடியது; பின்னது இரண்டு மணி நேரம் ஓடியது. ஒரு திரைப்படம் முழுவதும் ஒரே நாடாவில் அடங்கவேண்டும் என்பது இல்லத்தாரின் விருப்பம். அவ்விருப்பத்துக்கு இசைந்ததும், பல நிறுவனங்கள் செய்து விற்றதுமான வீ.எச்.எஸ். முறையே ஈற்றில் வென்றது. தோற்ற முறையின் கருவியை வாங்கியோர் தம் நாடாக்களுடன் தனித்து நின்றனர்.

இதற்கிடையே அமெரிக்காவில் ஒரு பெரும் வழக்கு எழுந்தது. வீட்டிற் பதிதல் பதிப்புரிமையை மீறுவதாகும் என்று கூறி, யூனிவேர்சல், டிஸ்னி ஆகிய படநிறுவனங்கள் 1976இல் சொனி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தன. முதல் நீதிமன்றம் 1979இல் சொனிக்குச் சார்பாகத் தீர்த்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1981இல் அதனை மாற்றியது. உயர்நீதிமன்றம் 1984ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து இறுதித் தீர்ப்பை வழங்கியது. இலவசமாக ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியைப் பின்னர் காண்பதற்காக வீட்டிற் பதிதல் நியாயமான பயன்பாடே என்பது அதன் சாரம். சிறுவர் நிகழ்ச்சிகளை நடத்திய பிரெட் றொஜேர்ஸ் என்பார், தம் நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிந்து வசதியான வேளையிற் காண்பதில் தமக்கு மறுப்பில்லை என்று கூறிய சாட்சியத்தையும் நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. ஒரு நீதியரசரின் மனம் வேறுவிதமாகச் சாய்ந்திருந்தால், வீட்டுப் பதிகருவியின் வரலாறு அன்றே வேறு வழியிற் சென்றிருக்கும்.

இவ்வுரிமையைப் பயன்படுத்தியோருள் பிலடெல்பியா நகரத்தைச் சேர்ந்த மேரியன் ஸ்ரோக்ஸ் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். முன்னர் நூலகராகப் பணியாற்றிய அவர், 1970களின் பிற்பகுதி தொடக்கம் 2012இல் மறையும்வரை, பல கருவிகளை ஒருங்கே இயக்கிச் செய்தி ஒளிபரப்புகளை இரவும் பகலும் பதிந்து வந்தார். அவர் விட்டுச் சென்ற நாடாக்கள் ஏறத்தாழ 70,000 என்பர். இன்று அவை வரலாற்றுச் சான்றாகப் போற்றப்படுகின்றன.

நாடாவுக்குப் பின் வட்டு வந்தது. டிவிடி இயக்கிகள் 1996இன் இறுதியில் யப்பானில் விற்பனைக்கு வந்தன. அவை விலைக்கு வாங்கிய வட்டைக் காட்டுமே தவிரப் பதியமாட்டா. 1999ஆம் ஆண்டு டிசெம்பரில் பயனியர் நிறுவனம் வீட்டுக்குரிய முதலாவது டிவிடி பதிகருவியை வெளியிட்டது. அதன் செயல்முறை வியக்கத்தக்கது. வட்டினுள் ஓர் உலோகக் கலவைப் படலம் உண்டு. லேசர் ஒளி அதனை மிகச் சூடாக்கி விரைவாக ஆறவிட்டால், அவ்விடம் ஒழுங்கற்ற நிலையை அடைந்து ஒளியைக் குறைவாகத் திருப்பும். அளவாகச் சூடாக்கினால், பழைய பளிங்கு நிலைக்கே மீளும். இங்ஙனம் புள்ளி புள்ளியாக எழுதியும் அழித்தும் காட்சி பதியப்படுகின்றது. இவ்வகை வட்டில் ஏறத்தாழ 1,000 முறை திரும்ப எழுதலாம். ஒருமுறை மட்டும் எழுதத்தக்க மலிவான வட்டுகளில், படலத்துக்குப் பதிலாகச் சாயம் பூசப்பட்டிருக்கும்.

12 சென்ரிமீற்றர் விட்டமுள்ள அவ்வட்டின் கொள்ளளவு 4.7 கிகாபைற்று. அதனுள் எவ்வளவு நேரத்தை அடக்குவது என்பது இல்லத்தாரின் தெரிவு. மிகத் தெளிவாக வேண்டின் ஒரு மணி நேரம். நடுத்தரமாயின் இரண்டு மணி. தெளிவு குறைந்தாலும் போதும் எனின் நான்கு, ஆறு மணி. 2001இல் தொஷிபா நிறுவனம் வன்தட்டையும் டிவிடி பதிகருவியையும் ஒரே பெட்டியில் இணைத்தது. முதலில் வன்தட்டிற் பதிந்து, விளம்பரங்களை நீக்கி, வேண்டியதை மட்டும் வட்டுக்கு மாற்றும் வசதி அதனால் உண்டாயிற்று.

ஆயினும் பழைய பூசல் புதிய வடிவில் மீண்டும் எழுந்தது. பயனியர் ஒரு வகை வட்டையும், பனசொனிக் மற்றொரு வகையையும், பிலிப்ஸ் வேறொரு வகையையும் ஆதரித்தன. ஒன்றுக்குரிய வட்டு மற்றொன்றில் ஓடாமற்போதல் வழக்கமாயிற்று. அதனினும் நுண்ணிய இடர் ஒன்றும் இருந்தது. பதிந்த வட்டைப் பிறர் வீட்டுக் கருவியிற் காண வேண்டின், முதலில் அதைப் பதிந்த கருவியிலேயே பூர்த்தியாக்குதல் என்னும் இறுதிச் செயலைப் பெரும்பாலும் செய்தாகவேண்டும். பலர் இதனை அறியார். அறிந்தவரும் நாளை செய்யலாம் என்று விட்டுவிடுவர். பதிந்த கருவி பழுதானதும், பூர்த்தியாகாத அவ்வட்டு வாய்மூடிவிடும். உள்ளே காட்சி இருக்கும். காட்டுவதற்குக் கருவி இராது.

பதிகருவியின் செல்வாக்கு நெடுங்காலம் நிலைக்கவில்லை. யப்பானில் 2004இல், எண்முறை ஒளிபரப்புகளை ஒரே பிரதியாக மட்டும் வைத்திருக்கலாம் என்ற கட்டுப்பாடு வந்தது. வன்தட்டிலிருந்து வட்டுக்கு மாற்றினால், வன்தட்டில் உள்ளது தானே அழியும். மாற்றும்போது தவறு நேரின் இரண்டும் இல்லையாகும். மக்களின் குறையைக் கேட்டு, 2008 யூலையில் ஒன்பது பிரதிகளும் ஒரு மாற்றமும் செய்ய இடமளிக்கப்பட்டது. பின்னர் பழைய முறை ஒளிபரப்புகளே நிறுத்தப்பட்டன. அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009 யூனிலும், யப்பானின் பெரும்பகுதி 2011 யூலையிலும், பிரித்தானியா 2012 ஒக்ரோபரிலும் அவற்றைக் கைவிட்டன. பழைய ஒளிபரப்பை மட்டும் வாங்கத்தக்க பதிகருவிகள், துணைக்கருவி ஒன்றின்றித் தாமாக எதையும் பெறமாட்டா என்ற நிலையை அடைந்தன. 2016இல் கடைசி வீ.எச்.எஸ். உற்பத்தியாளராகிய பூனாய் நிறுவனமும் தன் உற்பத்தியை நிறுத்தியது. டிவிடிக்குப் பின் வந்த புளூரே வட்டுகளுள் பதியத்தக்கவற்றைச் செய்வதைச் சொனி நிறுவனம் 2025 பெப்ரவரியில் முடித்துக்கொண்டது.

இலங்கைத் தமிழருக்கு இவ்வரலாறு தொலைதேசக் கதையன்று. இந்நாட்டில் தொலைக்காட்சி 1979இல் தொடங்கி, 1982இல் ரூபவாகினியின் வருகையோடு பரவியது. அதே காலத்தில் ‘டெக்’ என்று மக்கள் அழைத்த நாடாக் கருவியும் ஊர்தோறும் வந்தது. திருமணம், பூப்புனித நீராட்டு, கோயில் திருவிழா முதலியன நாடாவில் ஏறின. பின்னர் போரும் இடப்பெயர்வும் குடும்பங்களைக் கண்டங்கள் தோறும் சிதறடித்தபோது, அந்நாடாக்களே உறவைத் தாங்கிச் சென்றன. ஊரில் நடந்த மணவிழாவைக் கடல்கடந்த தமையன் நாடாவிலேயே கண்டான். வீட்டை விட்டு வெளியேறியோர் பெட்டியில் எடுத்துச் சென்றவற்றுள், உறுதிப்பத்திரத்தோடும் நகையோடும் இத்தகைய நாடாவும் இருந்ததுண்டு. விட்டுச் சென்றவை பல அழிந்தன. எஞ்சிய நாடாக்களை டிவிடி வட்டுக்கு மாற்றுதலே பல குடும்பங்களுக்கு அப்பதிகருவி செய்த பேருதவி. இறந்த தாயின் நடையும் குரலும், இன்று இல்லாத வீட்டின் முற்றமும் அவற்றில் உள்ளன. அவற்றுக்கு மறுபிரதி எந்த நிலையத்திலும் இல்லை.

இங்கேதான் முன்னர் கூறிய உண்மை முழுப்பொருள் பெறுகின்றது. வட்டுக்கு மாற்றியதும் கடமை முடிந்தது என்று பலர் எண்ணினர். ஆனால் வட்டும் நிலையானதன்று. வெயிலிலும் வெப்பத்திலும் சாயம் கெடும்; ஈரக்காற்றில் உள்ளிருக்கும் உலோகம் அரிக்கப்படும். வட்டு கெடாதிருப்பினும் அதனை வாசிக்கும் கருவி அரிதாகும். காந்த நாடாக்களிலுள்ளவற்றை 2025ஆம் ஆண்டுக்குள் புதிய முறைக்கு மாற்றாவிடின் அவற்றிற் பெரும்பாலானவற்றை இழக்க நேரும் என்று, யுனெஸ்கோவின் ஒரு திட்டமும் அனைத்துலக ஒலி, ஒளி ஆவணக் காப்பகச் சங்கமும் 2019இல் எச்சரித்தன. அந்த ஆண்டு வந்துவிட்டது. இன்றும் மாற்றப்படாதவை எத்தனை வீடுகளின் அலுமாரிகளிற் கிடக்கின்றனவோ!

பேணுதலின் முறையைத் தமிழர் புதிதாகக் கற்கவேண்டியதில்லை. ஏடு செல்லரிக்கும் என்பதை அறிந்த முன்னோர், பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் அதனைப் படியெடுத்தனர். படியெடுத்தவை வாழ்ந்தன, படியெடாதவை மண்ணாயின. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், தொட்டால் உதிரும் நிலையிலிருந்த ஏடுகளைத் தேடித் திரட்டி, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஏட்டிலிருந்து தாளுக்கு மாறியதனால் அந்நூல் இன்று நம் கையில் உள்ளது. நாடாவிலிருந்து வட்டுக்கும், வட்டிலிருந்து அடுத்து வரும் சாதனத்துக்கும் மாற்றுவது அதே பணியின் தொடர்ச்சி. வட்டு வாசிக்கும் கருவி ஒன்றாவது இயங்கும் காலத்திலேயே அதனைச் செய்தல் வேண்டும். ஒரு பிரதி மூத்தவர் வீட்டிலும் மற்றொன்று கடல்கடந்த பிள்ளையிடத்திலும் இருத்தல் நன்று. எந்த நாள், எந்த இடம், காட்சியில் நிற்பவர் யார் என்பதைத் தாளில் எழுதி உடன் வைத்தலும் வேண்டும். அவர்களின் பெயரறிந்த மூத்தோர் இருக்கும்போதே அது எழுதப்படல் வேண்டும்.